கேமரா அசையவில்லை

நான் கடைகளுக்கு ஷட்டர் போடுகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'ரோலிங் ஷட்டர்' என்று நான் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் தன் கடையின் துருப்பிடித்த கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, மோட்டார் வச்சுப் போடுவீங்களா, கையால இழுக்கிறதா?" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. போகப்போக வரவில்லை.

அது என்னவென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது. நாங்கள் வீடியோ எடுப்பது டி.எஸ்.எல்.ஆர். கேமராவில். அடிப்படையில் அது போட்டோ எடுக்கச் செய்த கேமரா. வீடியோ எடுக்கும்போது அது ஒரு காட்சியை ஒரே பார்வையில் பார்த்துவிடுவதில்லை. நாம் புத்தகம் படிப்பதுபோல மேல் வரியில் தொடங்கி வரிவரியாகக் கீழே இறங்குகிறது. கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரம்தான். ஆனாலும் அதுவும் நேரம்தானே. அதற்குள் கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பிவிட்டால், தூணின் தலையைப் பார்த்தபோது கேமரா இருந்த திசை ஒன்று, காலைப் பார்க்கும்போது இருக்கும் திசை வேறு. நேராக நிற்கும் தூண் படத்தில் சாய்ந்துவிடும். கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் சுவர்கள் ஜெல்லிபோல ஆடும். மின்விசிறியின் இறக்கைகள் அரிவாள்போல வளையும். பக்கத்தில் யாராவது ஃபிளாஷ் அடித்தால் படத்தில் பாதி மட்டும் வெளுத்துப்போகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் யாரிடமும் இருப்பதில்லை.

எங்கள் ஸ்டூடியோவில் கேமரா என் மைத்துனனுடையது, எடிட்டிங் என்னுடையது. அவன் என் மனைவியின் தம்பி. படிப்பு ஏறாமல் வீட்டில் சும்மா இருந்தவனைக் கூட்டிவந்து, கழுத்தில் கேமராவை மாட்டிவிட்டது நான்தான். பிடித்துக்கொண்டுவிட்டான். அதை நான் மறுக்கவில்லை. எங்கே போனாலும் ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுவான். மணப்பெண்ணின் அழுகையை நிறுத்துவான், கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவைச் சிரிக்க வைத்துப் படமெடுப்பான். ஓரிடத்தில் நிற்கவே மாட்டான். சுற்றிச் சுற்றி ஓடுவான், கேமராவை இந்தப் பக்கம் வீசுவான், அந்தப் பக்கம் வீசுவான். எல்லோரும் அவனைக் 'காத்தாடி' என்று கூப்பிட்டார்கள். எனக்கு 'ஸ்கேல்' என்று பேர் வைத்தது அவன். திரையில் ஸ்கேலை வைத்துக் கோடு நேராக இருக்கிறதா என்று நான் பார்ப்பதை ஒருநாள் கதவிடுக்கில் நின்று கவனித்திருக்கிறான். அடுத்த வாரமே ஆல்பம் போடும் லேப்காரர்கூட "ஸ்கேல் அண்ணன் இருக்காரா?" என்று போனில் கேட்டார்.

அவன் வீசியெறிந்த கோணல்களை எல்லாம் நிமிர்த்துவது என் வேலை. அதற்கு மென்பொருள் இருக்கிறது. இருந்தாலும், கசங்கிய படுக்கை விரிப்பை ஒரு மூலையில் இழுத்தால் இன்னொரு மூலை சுருங்குமே, அந்தக் கதைதான். தூணை நிமிர்த்தினால் மாப்பிள்ளையின் முகம் கோணும். மாப்பிள்ளையை நிமிர்த்தினால் மாமனார் கோணுவார். கழுத்து வலிக்க உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கச் சரிசெய்து முடிக்கும்போது அவன் டீ கிளாஸோடு வந்து பின்னால் நிற்பான்.

"என்ன மாமா, இன்னும் அதே பாட்டா?"

"மெதுவாத் திருப்புடான்னு எத்தனை தடவை சொல்றது? ஸ்டாண்டுல வச்சு எடுடா."

"ஸ்டாண்டுல வச்சா உசுரே இருக்காது மாமா. யாரு தூணைப் பார்க்கப் போறாங்க? பொண்ணைத்தான் பார்ப்பாங்க."

அவன் சொன்னது சரிதான், அதுதான் பிரச்சினை. யாரும் தூணைப் பார்க்கவில்லை. என்னைத் தவிர.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிடும்போது நான் பேச்சை எடுத்தால், அவன் எழுந்து நின்று மேலேயிருந்து எதையோ பிடித்து இழுப்பதுபோல் கையை இறக்குவான். 'கடகடகட' என்று வாயால் சத்தம் வேறு. மாமா ஷட்டரை இறக்கிவிட்டார் என்று அர்த்தம். என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பாள். நானும் சிரித்ததுண்டு. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்ல வரும்போதெல்லாம் வீடே சிரித்தால் அவனும் சேர்ந்து சிரிப்பதுதான் மரியாதை.

பீரோ கடைக்காரர் விஷயத்தை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதிதாகத் திறந்த பெரிய கடை. வரிசையாகப் பீரோ, அலமாரி, புத்தக அடுக்கு, எங்கே பார்த்தாலும் நேர்க்கோடுகள். அந்த இடத்தில் கேமராவை வீசக் கூடாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் கடை முழுக்க ஓடியிருந்தான். நான் முடிந்தவரை நிமிர்த்தினேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார்.

"என் பீரோ எல்லாம் குடிச்சுட்டு நிக்கிற மாதிரி இருக்கு. கோணல் பீரோவை எவன் வாங்குவான்?"

நான் விளக்க ஆரம்பித்தேன். மேலிருந்து கீழே, வரிவரியாக. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி நல்லாத்தான் எடுத்திருப்பாரு. நான் கூடவே இருந்து பார்த்தேன்ல. நீங்கதான் கம்ப்யூட்டர்ல போட்டு எதையோ இழுத்துட்டீங்க."

பக்கத்தில் என் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். 'இல்லை அண்ணே, நான் வேகமாத் திருப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தலையைச் சொறிந்தான். "பார்த்துச் சரி பண்ணிக் குடுத்துடுவாங்கண்ணே" என்றான். வண்டியில் திரும்பும்போது என் தோளைத் தட்டினான். "விடுங்க மாமா. அவருக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள அந்த பீரோவே உளுத்துடும்."

வண்டியை ஓட்டினேன். அன்றைக்கும் அவன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நடனப் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த டீச்சரின் ஆண்டு விழாவைப் பல வருடங்களாக நாங்கள்தான் எடுக்கிறோம். இந்த முறை நடனப் பள்ளிக்குள் இடம் போதாது என்று ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தார். மேடைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் குழாய்களை அடுக்கி இரண்டு டவர் கட்டியிருந்தார்கள். உச்சியில் ஒலிபெருக்கிகள், நடுவில் விளக்குகள். அந்த வாரம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மைதானம் காலை வைத்தால் உள்வாங்கும் பதத்தில் இருந்தது. விழாவுக்கு முதல் நாள் மதியம் ஒத்திகை. நான் ஸ்டூடியோவில் இருந்தேன், அவன் போய் எடுத்துக்கொண்டு வந்தான். விழா அன்று காலையில் டீச்சரும் மேடை போட்டவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். குழந்தைகளின் முகம் இருட்டாகத் தெரிகிறதா, விளக்கைக் கூட்ட வேண்டுமா என்று ஒத்திகைப் படத்தைப் பார்த்து முடிவு செய்வதாகத் திட்டம்.

நாலு பேர், ஒரு சிறிய அறை, ஒரு திரை. இரண்டாவது நடனம் ஓடிக்கொண்டிருந்தபோது என் மைத்துனன் குனிந்து திரையில் விரலை வைத்தான்.

"மாமா, இந்த இடது பக்க டவர் சாயுதே."

மேடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன தம்பி சொல்றீங்க? நானே நின்னு கட்டின டவர். எத்தனை மேடை போட்டிருக்கேன், ஒண்ணாவது சாஞ்சிருக்கா?"

"நீங்க கட்டினதைக் குறை சொல்லலைண்ணே. பாருங்க, மேல போகப்போக விலகுது."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. அந்த டவருக்குக் கீழேதான் மேடைக்கு ஏறும் படி. தங்கள் முறை வரும்வரை சின்னக் குழந்தைகள் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். "அப்ப இறக்கிக் கட்டணுமா? இன்னைக்குச் சாயந்தரம் நிகழ்ச்சி" என்றார். இறக்கிக் கட்டினால் விழாவை இன்னொரு நாளைக்குத் தள்ள வேண்டியதுதான் என்று மேடைக்காரர் சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்புறம் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

நான் சொன்னேன். கேமரா எப்படிப் பார்க்கிறது, ஏன் நேரான பொருள் சாய்ந்து தெரிகிறது, எல்லாம். ஒத்திகையில் அவன் கையில் பிடித்து எடுத்த ஒரு துண்டை ஓடவிட்டு, கேமரா இடது பக்கம் திரும்பும்போது தூண்கள் ஒரு பக்கம் சாய்வதையும், வலது பக்கம் திரும்பும்போது மறு பக்கம் சாய்வதையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். யாரும் போனைப் பார்க்கவில்லை. யாரும் ஷட்டர் விலை கேட்கவில்லை. மேடைக்காரர் கையில் டீயை வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார். டீச்சர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "அப்ப நம்ம கண்ணு மட்டும் ஏன் அப்படிப் பார்க்கிறதில்ல?" இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதற்கும் பதில் சொன்னேன். பிறகு அந்த டவர் காட்சியை மென்பொருளில் போட்டு, அவர்கள் கண் முன்னாலேயே டவரை நிமிர்த்திக் காட்டினேன். டீச்சர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

என் மைத்துனன் மட்டும் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பின்னாடி ஸ்கூல் கட்டடம் நேராத்தானே இருந்துச்சு மாமா? டவர் மட்டும் எப்படிச் சாயும்?"

"கிட்ட இருக்கிறது அதிகமாச் சாயும், தூரத்துல இருக்கிறது கம்மியாச் சாயும். ரயில்ல போகும்போது பக்கத்துல இருக்கிற மரம் வேகமா ஓடும், தூரத்து மலை நிக்கிற மாதிரி இருக்கும்ல, அதான்."

இது பொய் இல்லை. வண்டியில் போய்க்கொண்டே படமெடுத்தால் அப்படித்தான் ஆகும்.

அவன் யோசித்தான். "இல்ல மாமா, இது நான் ஸ்டாண்டுல வச்சு எடுத்ததுன்னு நினைக்கிறேன்."

"நீயா? ஸ்டாண்டுலயா?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடைக்காரர் அவன் முதுகில் ஓங்கித் தட்டி, "காத்தாடி என்னைக்குத் தம்பி ஸ்டாண்டுல நின்னுச்சு?" என்றார். டீச்சரும் சிரித்தார். அவனும் சிரித்தான். அவன் குணம் அது. "சரி மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காட்சி எடுக்கும்போது கேமரா அசைந்ததா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. உண்மையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். கேமரா அசையவில்லை. அது ஸ்டாண்டில் இருந்தது. பீரோ கடைக்குப் பிறகு சில நாள் நான் முகம் கொடுத்துப் பேசாததால் என் மனைவி அவனை ஏதோ சொல்லியிருக்கிறாள். அவன் மெனக்கெட்டு, மட்டம் பார்க்கும் குமிழ் வைத்த நல்ல ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "இனிமே நீங்க சொல்ற மாதிரியே எடுத்துப் பழகுறேன் மாமா" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒத்திகையில் அவன் பாதியைக் கையிலும் பாதியை ஸ்டாண்டிலும் எடுத்திருக்கிறான். நான் வருடக் கணக்காகத் தொண்டை வறளக் கத்தியபடியே, மட்டம் பார்த்து, அசையாமல். எது எதில் எடுத்தது என்று அவனுக்கு நினைவில்லை. பழக்கமில்லாதவன்.

எனக்குத் தெரியும். அவர்கள் வருவதற்கு முன்பே நான் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் காட்சியில் பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் ஸ்கேல் வைத்ததுபோல நின்றன. டவர் மட்டும் சாய்ந்திருந்தது. காட்சியின் தொடக்கத்தையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடிவில் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருந்தது. அவன் எடுத்ததிலேயே மிகச் சுத்தமான காட்சி அது. திருத்த எதுவும் இல்லை.

அவர்கள் வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நம்புங்கள். ஆனால் அவன் முந்திக்கொண்டான். எப்போதும்போலக் குனிந்து, விரலை வைத்து, ஒரே நொடியில் பார்த்துச் சொல்லிவிட்டான். கோடு எது, கோணல் எது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். யாருமே பார்க்காத தூணை அன்றைக்கு அவன் பார்க்கிறான். அதற்குள் டீச்சர் என்னைக் கேட்டுவிட்டார். நான் பேசத் தொடங்கியபோது வாயில் வந்தது எனக்கு மிகவும் பழகிய பேச்சு. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களை நடுவில் நிறுத்தி, 'ஆனால் இந்த இடத்தில் இது பொருந்தாது' என்று சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட சந்தர்ப்பம் எனக்கு அதுவரை வாய்த்ததே இல்லை.

சாயந்தரம் மைதானத்துக்குப் போனோம். எடிட்டிங் மேசை இடது பக்க டவருக்கு அருகில் போடப்பட்டிருந்தது. அவன் கேமரா, மேடைக்கு எதிரில் ஆள் இல்லாமல் நிறுத்தி வைத்த இன்னொரு கேமரா, இரண்டின் படத்தையும் அங்கே இருந்தே பார்த்து, பெரிய திரைக்கு அனுப்புவது என் வேலை. மேசையை வலது பக்கம் மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டீர்கள். திரையில் வெளிச்சம் கூசுகிறது என்று அங்கே இருந்தவர்களிடம் சொன்னேன், உங்களிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன். வெளிச்சம் கொஞ்சம் கூசவும் செய்தது.

அவன் என்னைத் தேடி வந்தான். "மாமா, தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவை வந்து நேர்ல பாருங்க. வெறும் கண்ணுக்கே சாஞ்ச மாதிரிதான் தெரியுது."

போனேன். டவரின் கால் ஒன்றுக்குக் கீழே போட்டிருந்த பலகை சேற்றில் ஒரு பக்கமாகப் புதைந்திருந்தது. டவரைப் பிடித்து நிறுத்தும் இழுவைக் கம்பிகளில் அந்தப் பக்கத்துக் கம்பி தொய்ந்திருந்தது, மறு பக்கத்துக் கம்பி விறைத்திருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். மழை மேகங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன.

"மேகம் நகருது பாரு. நகர்ற மேகத்துக்கு முன்னாடி எதைப் பார்த்தாலும் அது நம்ம மேல சாயுற மாதிரிதான் இருக்கும். எந்த உயரமான கட்டடத்துக்குக் கீழ வேணா நின்னு பாரு."

இதுவும் உண்மைதான். நீங்களும் செய்து பார்க்கலாம்.

அவன் அண்ணாந்து பார்த்தான். மேகத்தைப் பார்த்தான், டவரைப் பார்த்தான். "ஆமா மாமா" என்று சிரித்தான். "நான் ஒருத்தன், காலையிலேர்ந்து கிடந்து புலம்பிட்டு இருக்கேன்."

மேடைக்காரர் தூரத்தில் நின்று நாங்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினேன். அவர் போய்விட்டார்.

பிறகு நான் அவனிடம் ஒரு வேலை சொன்னேன். "இன்னைக்கு ஓடாதே. இங்கேயே, இந்தப் படிக்குப் பக்கத்துல ஸ்டாண்டைப் போட்டு நில்லு. குமிழைப் பார்த்து மட்டம் வை. முடியிற வரைக்கும் நகராதே."

"இங்கேயா?" என்றான். அண்ணாந்து பார்க்கவில்லை. "சரி மாமா" என்றான்.

நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவன் கேமராவின் படம் என் திரையில் வந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரான படத்தை அவனிடமிருந்து நான் பார்த்ததில்லை. மேடையின் விளிம்பு, பின்திரையின் ஓரம், எல்லாம் கோடு போட்டதுபோல. ஒரு நடனம், இரண்டு நடனம். அவன் அசையவே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சின்னக் குழந்தைகளின் முறைக்கு முன்னால் அது நடந்தது. காற்று பெரிதாக இல்லை. இழுவைக் கம்பி அறுந்த சத்தம் பாட்டில் எனக்குக் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் மேலே பார்க்கவில்லை. மேடையைத் தாண்டி என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் நான் ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையசைத்ததாக டீச்சர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அசைத்திருப்பேன். அடுத்த நொடி அவன் கேமராவை விட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினான். "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே குழந்தைகளைப் பிடித்துப் பிடித்துத் தள்ளினான். டீச்சரும் ஓடி வந்தார். குழந்தைகள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். டவர் விழுந்ததில் டீச்சருக்குக் கால் போய்விட்டது. என் மைத்துனன் அங்கேயே போய்விட்டான்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். அத்தனை பேருக்கும் நான்தான் பதில் சொன்னேன். என் மனைவி யாரிடமும் பேசவில்லை. கூட்டம் குறைந்த ஒரு மதியம் அவள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் சாயுதுன்னு சொன்னானாமே. நீங்கதான் இல்லன்னீங்களாமே."

"அது கேமரா..." என்று ஆரம்பித்தேன்.

"முழுசாச் சொல்லுங்க. இன்னைக்குக் கேக்கிறேன்."

ஒரு காகிதத்தை எடுத்துத் தூண் வரைந்தேன், வரிகள் போட்டேன். மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது, கேமரா திரும்பும்போது என்ன ஆகிறது என்று காட்டினேன். அவள் குறுக்கே பேசவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என் பென்சில் நுனியையே பார்த்திருந்தாள். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப கேமரா திரும்பினாத்தான் சாயும்."

"ஆமா."

"அன்னைக்கு அது திரும்புச்சா?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். எழுந்து போய், ஸ்டூடியோ இழுப்பறையில் இருந்த, அவன் ஒத்திகை எடுத்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அவள் புரிந்துகொண்டது தவறு என்று ஆகியிருக்கும்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இதை நானும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நினைக்கவில்லை. டவர் விழாது என்று நம்பினேன் என்று சொல்லவும் முடியவில்லை, மேசையை மாற்றியிருக்கிறேனே. விழும் என்று தெரிந்த இடத்திலிருந்து நான் விலகிக்கொண்டேன். அந்த இடத்தில் அவனை நிறுத்தினேன். குழந்தைகள் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். காலையிலிருந்து அந்த நொடி வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து, 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அவன் சொன்னதுதான் சரி' என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். உங்கள் எழுத்தர் நாலாவது வரியில் 'கேமராவில் ஏற்படும் கோளாறு' என்று எழுதியிருக்கிறார். அது கோளாறு இல்லை, அந்தக் கேமராவின் இயல்பு. தயவுசெய்து அதை அடித்து எழுதச் சொல்லுங்கள். இது கோர்ட்டுக்குப் போகிற காகிதம். நாலு பேர் படிப்பார்கள், தவறான விஷயம் என் பேரில் போகக் கூடாது.